கடவுச்சீட்டு இல்லாதவர் பாடின உலகப் பாட்டுகள்

(லண்டனில் எங்கட வாசிப்பு வட்டத்தில் பேசினது. பேசின மாதிரியே எழுதியிருக்கிறன், சில இடங்களில் மட்டும் விளக்கம் சேர்த்திருக்கிறன். இடையில் எந்தப் பாட்டைப் போட்டன் என்பதையும் குறித்திருக்கிறன். வாசிக்கேக்க நீங்களும் போட்டுக் கேளுங்கோ.)



இன்றைக்கு ஒரேயொரு இசைத்தட்டைப் பற்றித்தான் கதைக்கப் போறன். 1958 மே 9 ஆம் திகதி இரவு நியூ யோர்க் கார்னகி மண்டபத்தில் போல் ரொப்சன் பாடின கச்சேரி அது. வான்கார்ட் கம்பனி அதைப் பதிவு செய்து வெளியிட்டது. ஒரு குரல், ஒரு பியானோ, அவ்வளவுதான். பியானோ வாசிக்கிறவர் அலன் பூத். ஒன்லைனில் இலேசாகக் கிடைக்கும்.

முதலில் பாட்டு வரிசையைப் பாருங்கோ. அடிமைகளாக இருந்த கறுப்பு மக்களின் ஆன்மீகப் பாட்டுகள் இருக்கு. வொல்கா நதியில் படகு இழுத்தவர்களின் ரஷ்யப் பாட்டு இருக்கு. ஒரு சீனக் குழந்தைப் பாட்டு, ஷூபெர்ட்டின் தாலாட்டு, பாக்கின் ஒரு தேவாலயப் பாட்டு, ஒரு ஆங்கில நாட்டுப்புறப் பகிடிப் பாட்டு. நடுவில் பாட்டை விட்டிட்டு ஒதெல்லோவின் கடைசிப் பேச்சைப் பேசுறார். பிறகு தொழிற்சங்கப் பாட்டான ஜோ ஹில். எங்கட ஆக்களில் ஒருவர் ஒரே மேடையில் திருவாசகம், நாற்று நடுகைப் பாட்டு, பிரெஞ்சுத் தாலாட்டு, மே தினப் பாட்டு எல்லாம் பாடினால் நாங்கள் "இதென்ன கலவை" என்று கேட்போம். இந்தத் தட்டைக் கேட்கேக்க அந்தக் கேள்வி வரேல்ல. ஏன் வரேல்ல என்பதுதான் எனக்கு முக்கியம்.

அதுக்கு முதல் ஒரு தகவல். உலகம் முழுவதும் சுத்தி வாற இந்தப் பாட்டுகளைப் பாடின அந்த இரவில் ரொப்சனிடம் கடவுச்சீட்டு இல்லை. 1950 இல் அமெரிக்க வெளிவிவகார அமைச்சு அதை இரத்துச் செய்தது. தான் கம்யூனிஸ்ட் இல்லை என்று சத்தியக்கடதாசி எழுதித் தந்தால் பார்க்கலாம் என்றார்கள். என் அரசியல் கருத்து உங்கட விஷயம் இல்லை என்று அவர் மறுத்தார். எட்டு வருடம் அப்படியே போனது. நீதிமன்றத்தில் அரசு கொடுத்த காரணங்களில் ஒன்று, இவர் ஆபிரிக்கக் காலனி மக்களின் விடுதலைக்காகப் பல வருடமாக வேலை செய்கிறார் என்பது. இதை ஒரு குற்றச்சாட்டாக, வெட்கப்படாமல், எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள்.

நான் படிக்கிறது குடிவரவுச் சட்டம். அதனால் இந்தப் பகுதியில் கொஞ்சம் நிற்கிறன், பொறுத்துக்கொள்ளுங்கோ. 1952 இல் கனடாவுக்குப் போக அமெரிக்கர்களுக்குக் கடவுச்சீட்டே தேவையில்லை. ஆனாலும் இவரை எல்லையில் மறித்தார்கள். வன்கூவரில் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் மாநாடு காத்துக்கொண்டிருந்தது. சங்கம் என்ன செய்தது? அதே வருடம் மே 18 ஆம் திகதி, இரண்டு நாட்டுக்கும் நடுவில் இருக்கிற பீஸ் ஆர்ச் பூங்காவில், எல்லைக்கோட்டுக்கு அமெரிக்கப் பக்கத்தில் ஒரு லொறியை நிறுத்தினது. ரொப்சன் லொறியில் ஏறி நின்று பாடினார். ஆயிரக்கணக்கான சனம் கனடாப் பக்கத்தில் நின்று கேட்டது. ஆளைத் தடுக்கலாம், சத்தத்துக்கு விசா கேட்கேலாது!

இன்னொன்று எங்களுக்குப் பக்கத்திலேயே நடந்தது. 1957 மே 26 ஆம் திகதி. யூஸ்ரன் வீதியில், ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற பழைய சென். பன்கிராஸ் நகர மண்டபம், இப்ப கம்டன் நகர மண்டபம் என்கிறோமே, அதில் மண்டபம் நிறைய சனம் வந்து உட்கார்ந்திருந்தது. மேடையில் பாடகர் இல்லை. அவர் நியூ யோர்க்கில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் நின்று பாட, முந்தின வருடம் அத்லாந்திக் கடலுக்கு அடியில் போட்ட புதுத் தொலைபேசிக் கேபிள் வழியாக அந்தக் குரல் இங்கே வந்தது. ஒக்ரோபரில் இதையே வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்கள் போர்த்கோல் என்ற ஊரில் செய்தார்கள். அங்கே ஒரு படி மேலே போய், ட்ரியோர்க்கி ஆண்கள் பாடகர் குழு திருப்பி அவருக்குப் பாடினது. கேபிள் இரண்டு பக்கமும் வேலை செய்யும் என்பதை அந்தத் தொழிலாளர்கள் சரியாகப் பிடித்துவிட்டார்கள்.

நாங்கள் இப்ப எல்லாத்தையும் சூமில் செய்யிறம். அதனால் இது பெரிய விஷயமாகத் தெரியாது. அந்தக் காலத்தில் ஒரு கடல் தாண்டின அழைப்புக்கு என்ன செலவு, எத்தனை நாள் ஒழுங்கு என்று யோசித்துப் பாருங்கோ. நுழைவுச்சீட்டு விற்று, சங்கத்தில் காசு சேர்த்து, தபால் திணைக்களத்தோடு பேசி, ஒரு மனிதருடைய குரலை வரவழைத்திருக்கிறார்கள்.

இப்ப கார்னகிக்குத் திரும்பி வருவம். அந்த இரவில் அவருக்கு வயது 60. அதுக்கு முந்தின பத்து வருடத்தில் பெரிய மண்டபங்கள் அவருக்குக் கதவை மூடியிருந்தன. 1949 இல் பீக்ஸ்கில் என்ற ஊரில் அவருடைய கச்சேரிக்கு வந்த ஆக்களைக் கல்லால் அடித்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயப்பட்டார்கள். பீட் சீகர் தன் காரில் வந்து விழுந்த கல்லுகளைக் கொண்டுபோய் வீட்டுப் புகைபோக்கியில் வைத்துக் கட்டினார். அதுக்குப் பிறகு இசைத்தட்டுக் கம்பனிகள் கையை விரித்தன. ரொப்சன் ஒதெல்லோ என்ற பெயரில் சொந்தக் கம்பனி தொடங்கித் தட்டுகளை வெளியிட்டார். பாட இடம் தந்தவை கறுப்பு மக்களின் தேவாலயங்கள். அவருடைய அண்ணன் பெஞ்சமின் ஹார்லெமில் ஒரு தேவாலயத்தில் போதகர். ஆகவே கார்னகி மண்டபத்தில் சனம் முதலில் அடிக்கிற அந்தக் கைதட்டலைக் கேட்கேக்க, அது பாட்டுக்கு மட்டும் விழுந்த கைதட்டல் இல்லை என்று விளங்கும்.

(இங்கே "டிடின்ட் மை லோர்ட் டெலிவர் டானியல்" போட்டன்.)

இந்தப் பாட்டைக் கேட்டீர்களோ? சிங்கக் கெபியில் இருந்து தானியேலைக் காப்பாற்றின கடவுளிடம் ஒருவர் வழக்குப் பேசுறார். தானியேலுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு வேறு நியாயமா என்பதுதான் பாட்டின் பொருள். பக்திப் பாட்டு என்று பெயர், உள்ளே இருக்கிறது மனு. ரொப்சனின் அப்பா வில்லியம் நோர்த் கரோலைனாவில் அடிமையாகப் பிறந்தவர். 15 வயதில் தப்பி ஓடினார், பிறகு படித்துப் போதகரானார். அப்ப இந்தப் பாட்டுகள் ரொப்சனுக்கு நூலகத்தில் தேடி எடுத்த சரக்கு இல்லை. அப்பாவின் வீட்டில் கேட்டது, அப்பாவின் கதை.

இந்தப் பாட்டுகளை வெள்ளைக்காரர் கேட்ட விதம் தனிக் கதை. "பாடுறார்கள், அப்ப சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்று தோட்ட முதலாளிமார் நினைத்தார்கள். பிரெடெரிக் டக்ளஸ் 1845 இல் எழுதின தன்வரலாற்றில் இதை ஒரேயடியாக மறுக்கிறார். அது துயரத்தின் சத்தம், அதைச் சந்தோஷம் என்று நினைக்கிறது எவ்வளவு பெரிய தவறு என்கிறார். பிறகு எழுதின புத்தகத்தில், பாட்டில் வாற கானான் தேசம் தங்களுக்கு வடக்கு மாநிலங்களைக் குறித்தது என்றும் சொல்கிறார். சொர்க்கத்துக்குப் போறதாகப் பாடிக்கொண்டு பென்சில்வேனியாவுக்குப் போறதைத் திட்டம் போட்டிருக்கிறார்கள். விடுதலைக்குப் பிறகு, 1871 இல், பிஸ்க் பல்கலைக்கழக மாணவர்கள் தங்கட கல்லூரிக்குக் காசு சேர்க்க இந்தப் பாட்டுகளைக் கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். 1873 இல் விக்டோரியா மகாராணி முன்னாலும் பாடினார்கள். 1925 இல் ரொப்சனும் பியானோக் கலைஞர் லோரன்ஸ் பிரவுணும் நியூ யோர்க் கிரினிச் வில்லேஜில் ஒரு முழுக் கச்சேரியையும் கறுப்பு மக்களின் பாட்டுகளாலேயே நிரப்பினார்கள். "முதலில் ஐரோப்பிய இசை, கடைசியில் துக்கடாவாக இரண்டு ஆன்மீகப் பாட்டு" என்ற வழக்கத்தை அவர்கள் உடைத்தார்கள். கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டு துக்கடாவாக இருந்த காலத்தைப் பற்றி அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அரசியல் என்று சொல்லத் தேவையில்லை.

மற்ற நாட்டுப் பாட்டுகள் அவரிடம் எப்படி வந்தன? 1927 இல் இருந்து 1939 வரை அவர் அதிகமாக லண்டனில்தான் இருந்தார். இங்கேதான் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களைச் சந்தித்தார், கென்யாட்டாவை, நேருவை, சி. எல். ஆர். ஜேம்ஸைச் சந்தித்தார். அப்போதைய கீழைத்தேயக் கல்லூரியில், இன்றைக்கு நாங்கள் சோவாஸ் என்கிற இடத்தில், ஆபிரிக்க மொழிகள் படித்தார். 1938 இல் ஸ்பெயினுக்குப் போய்ப் பிராங்கோவுக்கு எதிராகச் சண்டை பிடித்த படையினருக்குப் பாடினார். 1940 இல் லியூ லியாங்மோ என்ற சீனப் பாடகர் அவருக்கு ஒரு எதிர்ப்புப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தார். ரொப்சன் அதைச் சீன மொழியிலேயே படித்து 1941 இல் பதிவு செய்தார். எட்டு வருடம் கழித்து அதுவே சீன மக்கள் குடியரசின் தேசிய கீதமானது. அதை எழுதின தியான் ஹான் கலாசாரப் புரட்சி நேரத்தில், 1968 இல், சிறையில் செத்தார். இந்த இரண்டு தகவலையும் நான் வேண்டுமென்றே பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறன். பிறகு தேவைப்படும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் பின்னால் ஒரு ஆள், ஒரு சந்திப்பு, ஒரு மொழிப் பாடம் இருக்கு. "வேர்ல்ட் மியூசிக்" என்று கடையில் ஒரு தட்டு இருக்குமே, அதில் இருந்து எடுத்துப் பாடினது இல்லை. இங்கே பிறந்து வளர்ந்த நாங்கள் சிலர் தமிழ்ப் பாட்டுகளையே ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத்தான் மேடையில் பாடினம். "ழ" வராமல் அம்மம்மாவிடம் குட்டு வாங்கினம். வேறொரு மொழியை வாயில் வைக்கிறது எவ்வளவு வேலை என்று எங்களுக்குத் தெரியும். அந்த வேலையை ஒரு உலகப் புகழ் பெற்ற பாடகர் சீனத்துக்கு, ரஷ்யனுக்கு, யித்திஷுக்கு, ஸ்பானிஷுக்கு என்று திரும்பத் திரும்பச் செய்திருக்கிறார். தோழமை என்று நாங்கள் அறிக்கையில் எழுதுற சொல்லுக்கு இது நல்ல அளவுகோல்: மற்றவருடைய பாட்டில் ஒன்றையாவது சரியான உச்சரிப்போடு பாடத் தெரியுமா?

அவரிடம் ஒரு கொள்கையும் இருந்தது. ஐந்து சுர இசை. ஆபிரிக்காவிலும் சீனாவிலும் ஸ்கொட்லாந்திலும் நாட்டுப்புறப் பாட்டுகள் ஐந்து சுர அடுக்கில் அமைந்திருக்கு, ஆகவே மனித இசைக்கு ஒரு பொது அடி இருக்கு என்று 1958 இல் வந்த தன்னுடைய "ஹியர் ஐ ஸ்டாண்ட்" புத்தகத்தின் பின்னிணைப்பில் எழுதினார். மோகன ராகம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஐந்து சுரம் ஒன்றாக இருக்கிறதால் வரலாறு ஒன்றாகாது. பருத்தித் தோட்டத்தில் பிறந்த பாட்டும் அரண்மனையில் பிறந்த பாட்டும் ஒரே அடுக்கில் இருக்கலாம். இணைப்பைச் சுரம் தராது, அந்த லொறியும் அந்தக் கேபிளும்தான் தந்தன.

தட்டில் எனக்குப் பிடிக்காத பாட்டும் இருக்கு. "மை கேர்லி ஹெடட் பேபி" என்று ஒரு தாலாட்டு. கறுப்புத் தாய் பாடுற மாதிரி இருக்கும். இயற்றினது கிளட்சம் என்ற அவுஸ்திரேலியாவில் பிறந்த வெள்ளை இசையமைப்பாளர். தோட்ட வாழ்க்கை இனிமையானது என்று கற்பனை பண்ணின காலத்து மிட்டாய். ரொப்சனின் குரல் அதைக் கேட்கக்கூடியதாக ஆக்குது, அவ்வளவுதான். "கோயிங் ஹோம்" இன்னும் சுவாரசியம். கேட்கிற எல்லாரும் அதை ஆன்மீகப் பாட்டு என்று நினைப்பார்கள். மெட்டு, செக் நாட்டுக்காரர் ட்வொர்சாக் 1893 இல் தன் சிம்பொனிக்கு எழுதினது. வார்த்தைகளை அவருடைய மாணவர் ஒருவர் 1922 இல் சேர்த்தார். ஆனால் ட்வொர்சாக்குக்கு அமெரிக்காவில் ஆன்மீகப் பாட்டுகளைப் பாடிக் காட்டினவர் ஹரி பேர்லி என்ற கறுப்பு மாணவர். அப்ப இது யாருடைய பாட்டு? "அசல்" தேடிப் போறவர்கள் இங்கே களைத்துப்போவார்கள்.

(இங்கே "ஓல் மேன் ரிவர்" போட்டன்.)

இதுவும் இரண்டு வெள்ளையர்கள், கேர்னும் ஹமர்ஸ்டைனும், 1927 இல் ஒரு இசை நாடகத்துக்கு எழுதினது. மூல வடிவத்தில் ஒரு இழிசொல் இருந்தது, களைத்துப்போய்ப் பணிகிற ஒரு மனிதன் இருந்தான். ரொப்சன் வருடக்கணக்கில் வார்த்தைகளை மாற்றி மாற்றி, இழிசொல்லை எடுத்து, கடைசியில் அந்த மனிதனைப் போராடுறவனாக ஆக்கினார். எழுதினவர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கேல்ல. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த பூபேன் ஹஸாரிகா அவரைச் சந்தித்து, இந்தப் பாட்டின் தாக்கத்தில் பிரம்மபுத்திராவைப் பற்றி அசாமிய மொழியில் பாடினார். அது வங்காளத்தில் கங்கையானது. நதி மாறினது, சும்மா ஓடிக்கொண்டிருக்கிறாயே என்று நதியைக் கேட்கிற கோபம் மாறேல்ல.

இனிக் கஷ்டமான பகுதி.

1949 ஜூனில் ரொப்சன் மொஸ்கோவில் பாடினார். அவருடைய நண்பர், யூத நடிகர் மிகோல்ஸ், முந்தின வருடம் இறந்திருந்தார். விபத்து என்றார்கள், உண்மையில் ஸ்டாலினின் ஆட்கள் செய்த கொலை. இன்னொரு நண்பர், யித்திஷ் கவிஞர் பெபர், சிறையில் இருந்தார். ரொப்சன் விடாமல் கேட்டதால் பெபரை ஹோட்டலுக்குக் கூட்டிவந்தார்கள். அறையில் ஒட்டுக் கேட்கிறார்கள் என்று பெபர் சைகை காட்டினார், கையாலும் துண்டுக் கடதாசியாலும் உண்மையைச் சொன்னார். ரொப்சனின் மகன் பின்னாளில் சொன்னது இது. அன்றைய கச்சேரியில் ரொப்சன் இந்த நண்பர்களின் பெயரை மேடையில் சொன்னார். பிறகு, நாசிகளை எதிர்த்த யூதப் போராளிகளின் பாட்டை யித்திஷில் பாடினார். மொஸ்கோவில், அந்த வருடத்தில். அந்த ஒலிப்பதிவு இருக்கு. கடைசியில் வாற சத்தத்தில் கைதட்டலும் இருக்கு, கூச்சலும் இருக்கு.

இதோடு கதை முடிந்தால் நல்லாக இருக்கும். முடியேல்ல. அமெரிக்காவுக்குத் திரும்பி வந்து, சோவியத்தில் யூதர்களுக்கு எதிராக ஒன்றும் நடக்கேல்ல என்று பத்திரிகைக்காரருக்குச் சொன்னார். 1952 ஓகஸ்டில் பெபரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த டிசம்பரில் ரொப்சனுக்கு ஸ்டாலின் பரிசு அறிவித்தார்கள். அவர் ஏற்றுக்கொண்டார். ஸ்டாலின் செத்தபோது அஞ்சலி எழுதினார். 1956 இல் விசாரணைக் குழு சிறை முகாம்களைப் பற்றிக் கேட்டபோது, அது சோவியத் மக்களின் பிரச்சினை என்றார், அடிமை முறையில் செத்த தன் மக்களைக் காட்டித் திருப்பிக் கேட்டார்.

அந்தத் திருப்பிக் கேள்விக்கு நியாயம் இருக்கு. கேட்டவர்கள் இனவாதிகள். அவர் எதைச் சொல்லியிருந்தாலும் அதை எடுத்து அவருடைய மக்களுக்கு எதிராகவே பாவித்திருப்பார்கள். இதையெல்லாம் நான் ஏற்றுக்கொள்கிறன். ஆனாலும் பெபர் செத்தார். எதிரிக்கு வாய்ப்புக் கொடுக்கக்கூடாது என்ற வாதம் எங்களுக்குப் புதிதில்லை. 1990 ஒக்ரோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம் சனத்தைத் துரத்தினதைப் பற்றி எங்கட கூட்டங்களில் கதைக்கேக்க எத்தனை தரம் இதே வாதம் வந்திருக்கு? "இப்ப நேரமில்லை", "அரசாங்கம் பாவிக்கும்". அரசாங்கம் பாவிக்கத்தான் செய்யும். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவருக்கு அது பதில் இல்லை.

ரொப்சனைத் தூக்கி எறியச் சொல்லேல்ல. தூக்கி எறியிறதும் இலேசு, சிலை வைக்கிறதும் இலேசு. எனக்குச் சங்கடமாக இருக்கிறது வேறொன்று. பேச்சில் சொல்ல முடியாததை, அல்லது சொல்ல மறுத்ததை, அவர் அன்றைக்கு மொஸ்கோவில் பாட்டில் சொன்னார். பாட்டு அவ்வளவு தூரம் போகும். ஆனால் பாட்டு போன பிறகும், நாளைக்குப் பத்திரிகைக்காரர் கேட்கேக்க, வாயைத் திறந்து உரைநடையில் ஒரு வசனம் சொல்ல வேண்டியிருக்கு. அதுக்குப் பாட்டு பதிலாகாது. நாங்கள் ஒரு கலை இரவு வைத்துவிட்டு அறிக்கை எழுதாமல் விட்ட சந்தர்ப்பங்களை யோசித்துப் பாருங்கோ. விவாதத்தில் இதைத்தான் கதைக்க ஆசை.

கடவுச்சீட்டுக் கதையின் முடிவு: கார்னகிக் கச்சேரி நடந்து ஐந்து கிழமைக்குப் பிறகு, 1958 ஜூன் 16 ஆம் திகதி, கென்ட் எதிர் டலஸ் என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பயணம் செய்யிற உரிமை சுதந்திரத்தின் பகுதி, ஒருவருடைய அரசியல் நம்பிக்கைக்காகக் கடவுச்சீட்டை மறுக்க வெளிவிவகார அமைச்சருக்கு அதிகாரம் இல்லை என்பது தீர்ப்பு. 5க்கு 4. ஒரு நீதிபதி மாறியிருந்தால் தீர்ப்பும் மாறியிருக்கும். ஜூலையில் ரொப்சன் லண்டனுக்கு வந்து இறங்கினார். இந்த நாட்டில் இப்ப உள்துறை அமைச்சர் "பொது நலனுக்காக" என்று எழுதி ஒருவருடைய குடியுரிமையையே எடுக்கலாம். 2022 சட்டத்துக்குப் பிறகு சில நேரங்களில் அந்த ஆளுக்கு முன்கூட்டியே அறிவிக்கத் தேவையும் இல்லை. இரட்டைக் குடியுரிமை இருக்கிறவர்கள், எடுக்கக்கூடியவர்கள், இந்த அறையில் எத்தனை பேர்?

ஜோ ஹில்லைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் சுவீடனில் இருந்து குடியேறின தொழிலாளி, பாட்டுக்காரன், 1915 இல் யூட்டா மாநிலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டவர். அவரைப் பற்றின பாட்டு 1936 இல் வந்தது. 1960 இல் சிட்னியில் ஒப்பரா மண்டபம் கட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு ரொப்சன் போனார். மண்டபம் இன்னும் இல்லை, சாரம் மட்டும்தான். தொழிலாளர்கள் சாப்பாட்டு நேரத்தில் சாரத்தில் ஏறி இருந்து கேட்க, இந்தப் பாட்டைப் பாடினார். அந்த மண்டபத்தில் முதலில் பாடினவர் யார் என்று கேட்டால் நான் அவருடைய பெயரைத்தான் சொல்லுவன்.

இப்ப தட்டின் கடைசிப் பாட்டு, "ஜேக்கப்ஸ் லடர்". சனத்தையும் சேர்த்துப் பாட வைக்கிறார். ஒலிப்பதிவில் அந்தச் சனத்தின் குரல் கொஞ்சம் பிந்தி, கொஞ்சம் சுருதி விலகி வரும், அதைக் கவனமாகக் கேளுங்கோ. போடுறன். பாட்டு முடிய, தேத்தண்ணி குடிச்சிட்டு, பெபரில் இருந்து விவாதத்தைத் தொடங்குவம்.